கல்வராயன் மலையில் எத்தனை கரடி? காட்டுக்குள் வைத்த கேமராவின் 130 வருஷக் கதை

1/
கல்வராயன் மலையில் எத்தனை கரடி இருக்கிறது?

கீழே கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவர்களைக் கேட்டால், "அங்க கரடி வேற இருக்கா?" என்பார்கள். மேலே வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து ஓ.பி.க்கு வருபவர்களைக் கேட்டால், "பலாப்பழ சீசன்ல வந்து பாருங்க சார்" என்பார்கள்.

ரெண்டு பேருமே எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை.

சரி, காட்டு விலங்கை எப்படித்தான் எண்ணுவது? இந்த ஒரு கேள்விக்காக மனிதன் பட்ட பாடுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உட்காருங்க.

2/
"டாக்டருக்கு இதில் என்ன வேலை?" நியாயமான கேள்வி.

நான் எம்.பி.பி.எஸ். படித்த அரசு மருத்துவமனை டாக்டர். காட்டுயிர் ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் மலையடிவார ஊர்களிலிருந்து காட்டுப்பன்றி குத்திய காயத்தோடு ஒருவர் வரும்போது, தையல் போட்டு, தடுப்பூசி போட்டு அனுப்புவதோடு நம் வேலை முடிகிறது. அந்தப் பன்றிக் கூட்டம் அந்த வழியாக தினமும் போகிறதா, எத்தனை மணிக்குப் போகிறது என்று தெரிந்தால் அடுத்த ஆள் அடிபடாமல் தடுக்கலாம். அந்தத் தகவல் வார்டில் கிடைக்காது. காட்டில்தான் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. காட்டில் புலியை எண்ணும் கணக்கும், ஊரில் நோயாளியை எண்ணும் கணக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

3/
முதலில் ஒரு மருத்துவப் பாடம். இந்த இழை முழுக்க இது தேவைப்படும்.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல். சளிப் பரிசோதனை செய்கிறோம். கிருமி தெரியவில்லை. அப்படியானால் காசநோய் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. கிருமி குறைவாக இருந்தால் அந்தச் சோதனைக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஒன்றுக்கு ரெண்டு சாம்பிள் கேட்கிறோம், எக்ஸ்ரே எடுக்கிறோம்.

"தெரியவில்லை" என்பது ஒரு விஷயம். "இல்லை" என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசத்தைக் காட்டுயிர் உலகம் புரிந்துகொள்ள ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. அந்த நூறு வருஷத்தின் கருவிதான் தானியங்கி கேமரா.

4/
கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஜார்ஜ் ஷைராஸ் என்று ஒரு வக்கீல். 1859-ல் பிறந்தவர், சிறு வயதிலிருந்தே வேட்டைக்காரர். 1890-களில் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு கேமராவைக் கையில் எடுத்தார்.

ராத்திரி படகில் போய், மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் மான்களைப் படம் எடுத்தார். பிறகு இன்னொரு யோசனை. விலங்கு வரும் வழியில் ஒரு நூலைக் கட்டி, அதைக் கேமராவோடு இணைத்தார். மான் வந்து நூலை இடித்தால் பொடி வெடிக்கும், படம் விழும். கேமராவுக்குப் பின்னால் ஆளே வேண்டாம்.

1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் போட்டது. "பத்திரிகையைப் பட புத்தகமா ஆக்கிட்டீங்க" என்று கோபித்துக்கொண்டு நிர்வாகக் குழுவில் ரெண்டு பேர் ராஜினாமா செய்ததாகச் சொல்வார்கள்!

5/
நம்ம நாட்டுக்கு வருவோம். எஃப். டபிள்யூ. சாம்பியன். வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி. இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் இருக்கும் பகுதியில் வேலை.

புலியைச் சுட்டு, அதன் மேல் காலை வைத்து போட்டோ எடுத்துக்கொள்வது பெருமை என்றிருந்த காலம் அது. இவருக்கு உயிரோடு நடமாடும் புலியின் படம் வேண்டும். சிவாலிக் மலைக்காட்டில் புலி நடக்கும் பாதையில் கம்பியைக் கட்டினார். ராத்திரியில் புலி தானே வந்து தன்னைப் படம் எடுத்துக்கொண்டது.

1925-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தப் படங்கள் வந்தன. 1927-ல் புத்தகமாகவும் எழுதினார். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பேர் வாங்கிய ஜிம் கார்பெட் கேமரா பக்கம் திரும்பியதற்கு இவர் ஒரு முக்கியக் காரணம்.

6/
சாம்பியன் இன்னொன்றையும் கவனித்தார். இந்த இழையில் மிக முக்கியமான வரி இதுதான்: எந்த ரெண்டு புலிக்கும் வரி ஒரே மாதிரி இருக்காது.

நம்ம கைரேகை மாதிரி. ஒரே புலியில்கூட இடது பக்க வரி வேறு, வலது பக்க வரி வேறு. அதனால்தான் இன்றைக்கும் புலிப் பாதையில் எதிரெதிராக ரெண்டு கேமரா வைக்கிறார்கள்.

படத்தை வைத்து "இது அந்தப் புலி, இது வேற புலி" என்று சொல்ல முடியும் என்றால், அதை வைத்து எண்ணவும் முடியும் இல்லையா? முடியும். ஆனால் அந்த அடுத்த அடியை எடுத்து வைக்க இன்னும் 70 வருஷம் ஆனது.

7/
அந்த 70 வருஷம் புலியை எப்படி எண்ணினோம்? காலடித் தடத்தை வைத்து.

1960-களில் ஒடிசா வனத்துறையின் சரோஜ் ராஜ் சௌத்ரி உருவாக்கிய முறை. வனக் காவலர்கள் எல்லோரும் குறிப்பிட்ட நாட்களில் ஒரே நேரத்தில் காட்டில் இறங்குவார்கள். புலியின் பின்னங்கால் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்துகொள்வார்கள். பிறகு எல்லாப் படிகளையும் ஒப்பிட்டு "இத்தனை புலி" என்பார்கள்.

1972-ல் இந்தியா முழுக்க 1,827 புலிகள் என்று கணக்கு வந்தது. 1973 ஏப்ரல் 1-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. வெயிலில் நடந்து நடந்து அந்தத் தடங்களை வரைந்த காவலர்களின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறையில்தான் பிரச்சினை.

8/
என்ன பிரச்சினை?

எல்லாப் புலியின் தடமும் நம் கண்ணில் படும் என்று அந்த முறை நம்பியது. பாறையில் நடந்த புலி? சருகில் நடந்த புலி? அதே புலி ஈர மண்ணில் நடந்தால் ஒரு அளவு, புழுதியில் நடந்தால் வேறு அளவு.

கர்நாடகத்தைச் சேர்ந்த கே. உல்லாஸ் கரந்த் 1980-களில் ஒரு சோதனை செய்தார். கூண்டில் இருக்கும் 4 புலிகளின் தடங்களை வரைந்து, அனுபவமுள்ள அதிகாரிகளிடம் கொடுத்து "இது எத்தனை புலி?" என்று கேட்டார். எல்லோரும் கூடுதலாகவே சொன்னார்கள்.

மருத்துவத்தில் ஒரு புது டெஸ்ட் வந்தால் முதல் கேள்வி, "நோய் இருக்கும் 100 பேரில் எத்தனை பேரை இது கண்டுபிடிக்கும்?" என்பதுதான். புலிக் கணக்கில் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே பல வருஷம் ஓடிவிட்டது.

9/
இப்ப அந்தக் கணக்குக்கு வருவோம். பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

கோமுகி அணையில் எத்தனை மீன் இருக்கு? எல்லாத்தையும் பிடிக்க முடியாது. 100 மீனைப் பிடித்து, செதிலில் ஒரு குறி போட்டு, திரும்ப விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வலை போடுங்கள். 80 மீன் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மீனில் நீங்கள் போட்ட குறி இருக்கிறது.

அதாவது சிக்கியதில் எட்டில் ஒன்று குறி உள்ளது. அணையில் மொத்தம் குறி போட்டது 100. அப்படியானால் அணையில் மொத்த மீன் சுமார் 800.

டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் 1890-களில் மீனுக்குக் குறி போட்டுத் தொடங்கி வைத்தது. 1930-ல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர் வாத்துகளுக்கு இதே கணக்கைப் போட்டார்.

இதன் அழகு என்னவென்றால், பார்த்ததை வைத்து, பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று சொல்கிறது.

10/
டாக்டர் கணக்கும் புலிக் கணக்கும் ஒன்று என்றேனே, அது இதுதான்.

1940-களில் கல்கத்தா பக்கத்தில் சிங்கூர் சுகாதார மையம். அங்கே எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பதிவாளரிடம் ஒரு பட்டியல். வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்தது இன்னொரு பட்டியல். ரெண்டிலும் விடுபட்டவர்கள் உண்டு.

சி. சந்திரசேகர் என்ற இந்தியப் புள்ளியியலாளரும், அமெரிக்காவின் டெமிங்கும் 1949-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரெண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர்கள் எத்தனை என்று பார்த்தார்கள். அதிலிருந்து, எந்தப் பட்டியலிலும் ஏறாமல் பிறந்து, எந்தப் பட்டியலிலும் ஏறாமல் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டார்கள். அதே மீன் கணக்கு!

பதிவேட்டில் வராத காசநோயாளிகள் எத்தனை பேர் என்று மதிப்பிட இன்றைக்கும் இந்த வழி பயன்படுகிறது.

11/
மீனுக்குக் குறி போடலாம். புலிக்கு யார் போடுவது?

போடவே வேண்டாம், அது குறியோடுதான் பிறக்கிறது என்பதுதான் கரந்த் பிடித்த நுனி. இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பிறகு காட்டுயிர் ஆராய்ச்சிக்கு வந்தவர் இவர். நாகரஹொளே காட்டில் கேமராக்களை வைத்து, வரியை வைத்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு, மறுபடி மறுபடி சிக்குவதைக் குறித்துக்கொண்டார். 1995-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸோடு சேர்ந்து 1998-ல் அடுத்த கட்டுரை.

இதில் வரும் விடை "12 புலி" என்று மொட்டையாக இருக்காது. "இத்தனையிலிருந்து இத்தனைக்குள்" என்று பிழைக்கும் இடம் விட்டுச் சொல்லும். நம்பிக்கையான டெஸ்ட் ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கணும்.

ஆனால் நாடு உடனே மாறவில்லை. பழைய முறையே தொடர்ந்தது.

12/
மாற்றியது ஒரு சாவு. ஒரு காட்டின் மொத்தப் புலிகளின் சாவு.

ராஜஸ்தானில் சரிஸ்கா புலிகள் காப்பகம். 2004 கணக்குப்படி அங்கே பதினைந்துக்கும் மேல் புலிகள். 2005 தொடக்கத்தில் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டையில் அத்தனையும் போயிருந்தது. ஏட்டில் மட்டும் புலி உயிரோடு இருந்தது.

நாடே அதிர்ந்தது. சுனிதா நாராயண் தலைமையில் குழு போட்டார்கள். 2006-ல் சட்டத்தைத் திருத்தி, தேசிய புலிகள் காப்பக ஆணையத்துக்கு வழி செய்தார்கள். எண்ணும் முறையும் மாறியது.

தப்பான கணக்கு வெறும் காகிதத் தப்பு இல்லை. நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கும்போது சார்ட்டில் "நார்மல்" என்று எழுதி வைப்பது அது.

13/
புது முறையில் வந்த முதல் தேசியக் கணக்கு 2006-க்கானது: 1,411 புலிகள். அதற்கு முந்தைய 2001-02 காலடித் தடக் கணக்கு? 3,642!

அஞ்சு வருஷத்தில் பாதிக்கு மேல் செத்துப்போச்சா? செத்ததும் உண்டு, முன்னாடியே இல்லாததும் உண்டு. எது எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய டெஸ்ட் சரியில்லை என்றால் நோய் கூடியதா குறைந்ததா என்பதே தெரியாமல் போய்விடும்.

அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு ஒருமுறை: 1,706, 2,226, 2,967. தமிழ்நாட்டில் 2006-ல் 76, 2018-ல் 264, 2022-ல் 306.

2018 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா. விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலிப் படம் 76,651, சிறுத்தைப் படம் 51,777. உலகிலேயே பெரிய கேமரா கணக்கெடுப்பு என்று கின்னஸில் ஏறியது.

14/
அந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது?

கொரோனா காலத்தில் கடை வாசலில் உங்கள் நெற்றிக்கு நேராக ஒரு துப்பாக்கி நீட்டினார்களே, ஞாபகம் இருக்கா? உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து காய்ச்சலைச் சொல்லும். காட்டுக் கேமராவின் சென்சாரும் அதே கதிரைத்தான் கவனிக்கும். முன்னால் இருக்கும் சூட்டில் திடீரென மாற்றம் வந்தால், அதாவது ஒரு சூடான உடம்பு குறுக்கே நகர்ந்தால், படம் எடுக்கும். நூலும் வேண்டாம், மக்னீசியப் பொடியும் வேண்டாம்.

மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டு வந்தால் வாரக்கணக்கில் ராப்பகலாக வேலை பார்க்கும். டியூட்டி டாக்டரை விட நல்ல ஸ்டாஃப்.

குறையும் உண்டு. நம்ம ஊர் மே மாத மதியத்தில் காற்றும் பாறையும் விலங்கின் உடம்பு அளவுக்குச் சூடாகிவிட்டால் வித்தியாசம் தெரியாமல் விட்டுவிடும்.

15/
இப்ப நம்ம கரடிக்கு வருவோம். கேமரா வைத்தால் கல்வராயன் கரடியை எண்ணிடலாமா?

அவ்வளவு சுலபம் இல்லை. புலிக்கு வரி, சிறுத்தைக்குப் புள்ளி. கரடி? எல்லாம் ஒரே கறுப்பு. மார்பில் வெள்ளையாக ஒரு வளைவு உண்டு, ஆனால் நாலு காலில் நடக்கும்போது கேமராவுக்குத் தெரியாது. காட்டுப்பன்றியும் அப்படித்தான். பத்து படம் விழுந்தால் பத்து பன்றியா, ஒரே பன்றி பத்து தடவையா?

தேவாங்கு இன்னும் கஷ்டம். அது மரத்துமேலே, கேமரா முழங்கால் உயரத்தில். தேவாங்குக்கு ராத்திரி டார்ச்சோடு நடந்து கண் மினுங்குவதைப் பார்த்துத்தான் எண்ணுகிறார்கள். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-ல் வந்தது, 11,806 ஹெக்டேர். புலி இல்லாத வறண்ட குன்றுகளையும் காப்பாற்றலாம் என்பதற்கு அது உதாரணம்.

16/
எண்ண முடியாவிட்டால் கேமரா வீணா? இல்லை.

2002-ல் மெக்கன்சி என்பவரும் குழுவினரும் வேறு கேள்வி கேட்டார்கள். "எத்தனை?" என்பதை விடுங்கள். "எங்கெங்கே இருக்கு?" என்று கேளுங்கள்.

மலையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பல நாள் கேமரா வைக்க வேண்டும். கரடி இருக்கும் கட்டத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை படம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து, படமே விழாத கட்டங்களில் எத்தனையில் கரடி இருந்தும் நம் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று கணக்கிடலாம்.

ஒரு சாம்பிள் நெகட்டிவ் என்றால் ரெண்டாவது சாம்பிள். அதேதான்!

17/
"புலி இருக்கும் பெரிய காட்டுக்கு சரி. நம்ம மலைக்கு இதெல்லாம் எதுக்கு?"

சத்தியமங்கலத்தைப் பாருங்கள். இருபது வருஷம் முன்பு அந்தக் காட்டின் பெயரைக் கேட்டால் யார் ஞாபகம் வரும்? வீரப்பன். 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்படும்வரை அது சந்தனக் கடத்தல் காடு, தேடுதல் வேட்டைக் காடு. புலிக் காடு என்று வெளியே யாரும் பேசவில்லை.

2008-ல் சரணாலயம் ஆனது. கேமரா உள்ளே போனது. புலிகள் படத்தில் விழுந்தன. 2013-ல் புலிகள் காப்பகம். புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-ல் சர்வதேச விருது வாங்கியது, எண்ணிக்கை 80.

கேமரா புலியைப் பெற்றுப் போடவில்லை. காவலும், காடும், ஜனங்களின் பொறுமையும் சேர்ந்து செய்தது அது. ஆனால் "இருக்கு" என்று நிரூபித்த பிறகுதான் அந்தக் காவலுக்குப் பணமும் ஆளும் வந்தது.

கல்வராயன் மலை என்றால் செய்தியில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

18/
இன்னொரு கதை, வியட்நாம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

முயல் அளவில் ஒரு சருகுமான் வகை, முதுகு வெள்ளி நிறம். 1990-ல் ஒரு வேட்டைக்காரரிடம் கிடைத்த உடலுக்குப் பிறகு விஞ்ஞானிகள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

ஆய்வாளர்கள் நேராகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகவில்லை. முதலில் ஊர்க்காரர்களிடம், வனக் காவலர்களிடம் போய்க் கேட்டார்கள். "அதுவா? முதுகு வெளுப்பா இருக்குமே, அந்தப் பக்கம் உண்டு" என்ற மாதிரி பதில் வந்தது. அவர்கள் காட்டிய பகுதியில் முதலில் 3 கேமரா. 275 படம்! 2019-ல் உலகத்துக்கே செய்தி ஆனது.

அறிவியலுக்குத்தான் அது தொலைந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது தொலையவே இல்லை.

19/
கல்வராயனில் அந்த ஊர்க்காரர்கள் யார்? மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கேரளக்காரர்கள் இல்லை. தமிழ் பேசுபவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்பவர்கள். சாமை, தினை, மரவள்ளி விளைவிப்பவர்கள். கடுக்காய், புளி, தேன் எடுக்கக் காட்டுக்குள் போகிறவர்கள்.

பலா பழுக்கும்போது கரடி எந்தச் சரிவில் இறங்கும், மரவள்ளிக் காட்டுக்குப் பன்றி எத்தனை மணிக்கு வரும் என்று இவர்களுக்குத் தெரியும். நோயாளி சொல்லும் கதையைக் கேட்காமல் நேராக ஸ்கேனுக்கு அனுப்பும் டாக்டரை நீங்கள் நல்ல டாக்டர் என்பீர்களா? முதலில் கதை, பிறகு கை வைத்துப் பார்ப்பது, அதற்குப் பிறகுதான் டெஸ்ட். கேமரா அந்த டெஸ்ட்.

20/
இதுவரை கேமராவைப் புகழ்ந்தாச்சு. இப்ப கசப்பான பக்கம்.

கேமரா விலங்குக்காக வைத்தது. ஆனால் சூடான உடம்பு எது நகர்ந்தாலும் படம் எடுக்கும். விறகுக்குப் போகும் அம்மாவின் உடம்பும் சூடுதான்.

உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகம் பக்கம் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 14 மாதம் தங்கி 270 பேரிடம் பேசினார். 2024-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் வந்தது இது: காட்டுக்குள் இயற்கை உபாதைக்கு ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழுந்திருக்கிறது. அதை அழிக்காமல் சமூக வலைத்தளத்தில் சுற்ற விட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கொதித்துப்போய், கண்ணில் பட்ட கேமராக்களை உடைத்தார்கள்.

21/
அதோடு முடியவில்லை. அந்தப் பகுதிப் பெண்கள் காட்டுக்குள் போகும்போது பாட்டுப் பாடி, சத்தமாகப் பேசிக்கொண்டு போவது வழக்கம். யானையும் புலியும் விலகிப் போகும். கேமரா வந்த பிறகு யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் சத்தம் குறைந்தது. கேமராவைத் தவிர்க்க, பழகாத பாதையில் போக ஆரம்பித்தார்கள். அந்த ஆய்வாளரிடம் இதைப் பற்றிப் பேசிய பெண்களில் ஒருவர் பின்னாளில் புலி தாக்கி இறந்துபோனார்.

ஒரு கருவி ஒரு பெண்ணின் வாயை மூட வைத்தது. அந்தச் சத்தம்தான் அவளுக்குப் பாதுகாப்பு.

நோயாளியைப் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும், தேவைக்கு மேல் யாருக்கும் காட்டக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். காட்டில் கேமரா வைப்பவர்களுக்கும் அதே விதி வேண்டும். எங்கே வைக்கிறோம் என்று ஊரில் சொல்லி வைக்கணும். தண்ணீருக்கும் விறகுக்கும் போகும் தடத்தில் வைக்கக் கூடாது. மனிதர் படம் விழுந்தால் பார்க்காமலே அழிக்கும் ஏற்பாடு வேண்டும். கம்ப்யூட்டரே மனித உருவத்தைத் தனியாகப் பிரித்து ஒதுக்கும் வசதி இன்றைக்கு உண்டு.

22/
சரி, நம்ம மலைக்கு என்ன வேண்டும்?

கல்வராயன் புலிகள் காப்பகம் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பெரிய படை புலிக் காடுகளை மையமாக வைத்துத்தான் இயங்கும். ஜவ்வாது, சித்தேரி, பச்சைமலை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டுகளுக்கு நடுவில் ஊரும் ரோடும் வயலும் வந்துவிட்டன. ஒரு துண்டிலிருந்து ஒரு விலங்கு மறைந்தால், பக்கத்துத் துண்டிலிருந்து வந்து நிரப்புவது கஷ்டம்.

அதனால் இங்கே வேண்டியது சில கேமராக்களும், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து போட்ட ஒரு வரைபடமும், ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அதே மாதத்தில் திரும்ப எடுக்கும் பொறுமையும். சுகர் நோயாளிக்கு ஒரு நாள் ரத்தப் பரிசோதனையை விட மூணு மாத சராசரி எவ்வளவு முக்கியமோ, அப்படி.

அது இருந்தால் ரோடு போடும்போது எந்த வளைவில் வேகத்தடை வேண்டும் என்று சொல்லலாம். எந்த மாதத்தில் எந்தப் பாதையில் அதிகாலையில் தனியாகப் போகாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லலாம். ஒரு உயிரும் ஒரு கையும் மிச்சம்.

23/
நீங்கள் செய்யக்கூடியது நாலு:

ஒன்று, காட்டில் மரத்தில் கட்டிய பெட்டி கேமராவைப் பார்த்தால் தொடாதீர்கள், கழற்றாதீர்கள். உங்களுக்கு உறுத்தலான இடத்தில் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

ரெண்டு, "சிறுத்தை நடமாட்டம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் கேமரா படங்களை ஃபார்வர்ட் பண்ணாதீர்கள். பாதி வேறு மாநிலத்துப் படம். பீதி மட்டும் நம்ம ஊருக்கு.

மூணு, விலங்கைப் பார்த்த இடத்தை மேப்போடு பொதுவில் போடாதீர்கள். உங்கள் பதிவை முதலில் படிப்பவர் கண்ணி வைப்பவராக இருக்கலாம்.

நாலு, கரடியோ பன்றியோ தாக்கினால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். ரத்தம் நிற்காமல் ஓடினால் கழுவிக்கொண்டிருக்காதீர்கள், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி காட்டு விலங்குக் கடிக்கும் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

24/
கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை, கொல்லிமலை பக்கம் இருப்பவர்கள் கமெண்டில் எழுதுங்கள். உங்கள் தாத்தா காலத்தில் பார்த்து, இப்போது பார்க்க முடியாத விலங்கு எது? உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்? கடைசியாக எந்த வருஷம் பார்த்தீர்கள்?

இடம் மட்டும் எழுதாதீர்கள். பெயரும் வருஷமும் போதும்.

நாளை காலை ஓ.பி. இருக்கு. பதில்களை ராத்திரி வந்து படிக்கிறேன்.